மரத்தினின்று நூல்: அதன் அழகும் குற்றமும்

உணவுக்கு அடுத்தபடி மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதது உடையேயாம். உடைக்கு முதற்காரணம் நூல். ‘நூல்’ என்னும் இச்சொல் நம் மொழியில் நெய்தற்குரிய இழையையும், கற்றற்குரிய ஏட்டையும் ஒருங்கே உணர்த்தி நிற்றலை யாவரும் அறிவர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பஞ்சினின்று இழை நூற்கும் தொழிலோடு சொற்களைக் கொண்டு நூல் யாக்கும் புலமைத் தொழிலை ஒப்பிட்டுக் காட்டினார். அவரே நூலுக்குரிய குற்றங்கள் பத்தென்றும், அழகுகள் பத்தென்றும் வகுத்து வைத்தார். ஒரு நூலின் அழகை மட்டும் கூறிக் குற்றத்தை மறைத்தல் நல்லாசிரியர் வழக்கன்று என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் ஆலையிற் பிறக்கும் நூலைப்பற்றி எழுதப் புகுதலும், அதன் அழகோடு குற்றத்தையும் ஆராய்தலும் எல்லை கடந்த செயலாகா என நம்புகின்றேன்.

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுதல் வேண்டும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியைச் சார்ந்தது. மேற்கே கல்வராயன் மலை. அதன் அடிவாரத்திற் கச்சிராயபாளையம். அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கரும்பு அரைக்கும் பருவத்தில் ஆலையின் பின்புறத்தே சக்கை சிறு குன்றுபோற் குவிந்து கிடக்கும். சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உறவினர் சிலர் கூடியிருந்தனர். அவருள் ஒருவர், “இந்தச் சக்கையிலிருந்து நூல் எடுக்கலாமாமே! அதற்கோர் ஆலை இங்கு வந்தால் நம் பிள்ளைகள் திருப்பூருக்குப் போகவேண்டியதில்லை, மலைமேல் இருப்பவர்களும் வெளியூர்க் கூலிக்கு இறங்கவேண்டியதில்லை” என்றார். எல்லாரும் அதனை ஆமோதித்தனர். என் பெரிய தகப்பனார் மட்டும் வாய் திறந்திலர். அவர் தம் இளமையில் வெளி மாநிலத்து ரேயான் ஆலையொன்றில் நூல் பிழியும் கூடத்தில் வேலை பார்த்தவர். கூட்டம் கலைந்த பின்னர் என்னை நோக்கி, “தம்பி, நூல் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த வழியில் வருகிறதென்று மட்டும் கேட்டுக்கொள்” என்றார். அவர் சொல்லிய ‘வழி’ யாது என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இனி, பொருளுக்கு வருவோம். செடி கொடி மரங்களின் உடலை நிறுத்தித் தாங்குவது செல்லுலோஸ் என்னும் பொருள். 1838-ஆம் ஆண்டில் அன்செல்ம் பேயன் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இதனைத் தனியே பிரித்தறிந்தார். குளுகோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள், பூத்தொடுப்போர் மலரொடு மலர் சேர்த்துத் தொடுத்தாற்போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு அமைந்த நெடுஞ்சரமே செல்லுலோஸ். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாச்சத்தும் அதே குளுகோஸால் ஆயதே. கோக்கப்பட்ட முறை மட்டும் வேறு. அவ்வேற்றுமையாலே சோறு நம் வயிற்றிற் செரிக்கின்றது, பஞ்சு செரிப்பதில்லை.

பருத்திப் பஞ்சில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் செல்லுலோஸே உள்ளது. மரத்திலோ 40 முதல் 50 பங்கு வரையே காணப்படும். எஞ்சியவற்றுள் லிக்னின் என்பது, செங்கற்களிடையே பூசிய சாந்துபோல, நார்களைப் பிணைத்து மரத்துக்கு வன்மை தருவது. ஹெமிசெல்லுலோஸ் என்பது செல்லுலோஸைப் போன்றதாயினும் சரம் குறுகியது, எளிதிற் சிதைவது. மரத்தைச் சிறு துண்டுகளாக்கி மருந்து நீரில் வேகவைத்து, இவ்விரண்டையும் நீக்கினால் வெண்ணிறமான மரக்கூழ் கிடைக்கும். காகிதத்துக்கும் இதுவே மூலம். மரநூலுக்கும் இதுவே மூலம்.

மரக்கூழைப் பஞ்சுபோலவே நூற்றல் ஆகாதோ எனின், ஆகாது. பருத்தியிழை விரல் அகலத்துக்கு மேல் நீண்டது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ள வல்லது. மரத்தின் நாரோ சில மில்லிமீட்டர் நீளமே உடையது. ஆதலின் அதனைக் கரைத்துப் பாகாக்கி, முறுக்கு நாழியில் மாவைப் பிழிந்தாற்போல நுண்ணிய துளைகளின் வழியே பிழிந்து, மீண்டும் கெட்டியாக்கல் வேண்டும். ஈண்டுத்தான் இத்தொழிலின் முடிச்சு உள்ளது. செல்லுலோஸ் சூட்டில் உருகுவதில்லை, உருகுமுன்னரே கருகிப்போம். நீரிற் கரைவதில்லை, சாராயத்திலும் எண்ணெயிலும் கரைவதில்லை. கரையாமையே அதன் சிறப்பு. கரைந்தால் மழையில் மரங்கள் நில்லா, வெளுக்கப்போட்ட வேட்டியும் எஞ்சாது. ஆகவே, மரநூலின் வரலாறு முழுதும் நல்லதொரு கரைப்பானைத் தேடிய வரலாறே என்று சுருங்கக் கூறலாம்.

முதலில் வெற்றி கண்டவர் பிரான்சு நாட்டுச் சார்தொனே பிரபு. அவர் செல்லுலோஸை நைட்ரிக் திராவகத்தால் மாற்றிக் கரைத்து, நூலாக இழுத்து, 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிற் ‘செயற்கைப் பட்டு’ என வைத்தார். கண்டோர் வியந்தனர். ஆயினும் அப்பட்டு எளிதில் தீப்பற்றும் இயல்புடைய பொருளினின்று பிறந்தமையின் அச்சத்துக்கிடமாயிற்று. பின்னர் 1892-ஆம் ஆண்டில் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கில அறிஞர் மூவர் விஸ்கோஸ் முறையைக் கண்டு உரிமை பெற்றனர். கோர்ட்டால்ட்ஸ் என்னும் பட்டு வணிக நிறுவனத்தார் அவ்வுரிமையை 1904-இல் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே காவென்ட்ரி நகரில் நூலெடுக்கத் தொடங்கினர். 1924-இல் அமெரிக்க வணிகர் இதற்கு ‘ரேயான்’ என்று பெயரிட்டனர். நம் நாட்டில் கேரளத்துப் பெரும்பாவூரிலிருந்த திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை 1950-லும், மத்தியப் பிரதேசத்து நாகதா ஆலை 1954-லும் உற்பத்தியைத் தொடங்கின.

விஸ்கோஸ் முறை பின்வருமாறு. மரக்கூழ்த் தாள்களை நூற்றுக்கு 18 பங்கு வலிமையுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பர். அவை ஊறிப் பருத்ததும் பிழிந்து, தேங்காய்த் துருவல்போற் சிதைத்து, சில மணி நேரம் காற்றுப்பட வைப்பர். அக்காலத்தே செல்லுலோஸின் நெடுஞ்சரங்கள் சிறிது அறுபட்டுக் குறுகும். குறுகினாலன்றிப் பாகு பிழியத்தக்க பதம் அடையாது. அதன் பின்னர்க் கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தைச் சேர்ப்பர். எடுத்துக்கொண்ட செல்லுலோஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்கு வேண்டும். வெண்ணிறத் துருவல் ஆரஞ்சு நிறத் துருவலாக மாறும். அதனை நீர்த்த சோடாக் கரைசலிற் போட்டவுடன், அதுவரை எதிலும் கரையாத செல்லுலோஸ் தேன்போன்ற பாகாகக் கரைந்துவிடும். இப்பாகுக்குத்தான் விஸ்கோஸ் என்று பெயர். பாகைச் சில மணி நேரம் பதப்படுத்தி, வடிகட்டி, காற்றுக் குமிழிகளை நீக்கி, மயிரிழையினும் மெல்லிய துளைகள் பலவுடைய தட்டின் வழியே கந்தகத் திராவகத் தொட்டிக்குள் பிழிவர். திராவகம் பட்டதும் பாகு உறைந்து மீண்டும் செல்லுலோஸ் ஆகும். உறையும்போதே இழுத்து நீட்டி, கழுவி, வெளுத்து, உலர்த்தினால் ரேயான் நூல் ஆயிற்று.

இந்நூலின் அழகுகளை மறுப்பதற்கில்லை. பட்டின் பளபளப்பு, பருத்தியின் குளிர்ச்சி, வியர்வையை உறிஞ்சும் தன்மை, சாயத்தை ஆழப் பற்றும் இயல்பு, ஏழைக்கும் எட்டும் விலை ஆகிய இவை யாவும் இதற்குண்டு. பாம்பின் உரியையொத்த நுண்ணாடை பொருநராற்றுப்படையில் அரசனது கொடையாகப் பேசப்படுகின்றது. அன்று மன்னர்பாற் பரிசில் பெற்றோர்க்கே உரியதாயிருந்த மென்மையை இன்று சந்தையில் யாரும் விலைக்குப் பெறலாம் என்றால், அஃது இரசாயன நூல் செய்த நன்மையே.

எனினும் முதலிற் பிறந்த ரேயானுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நனைந்தால் பருத்தி வலுக்கும். ரேயானோ தன் வலிமையிற் பாதியளவை இழக்கும். காரணம் யாதெனின், பருத்தியில் ஒவ்வொரு சரத்திலும் குளுகோஸ் அலகுகள் பல்லாயிரம் உள. அவை செவ்வனே அடுக்கப்பட்டும் இருக்கின்றன. விஸ்கோஸிற் சரங்கள் அறுபட்டுச் சில நூறு அலகுகளாய்க் குறுகிவிடுகின்றன. அவை தாறுமாறாய்க் கிடக்குமிடத்தே நீர் புகுந்து பிணைப்பைத் தளர்த்துகின்றது. இக்குறையை நீக்க அறிஞர் அரும்பாடு பட்டனர். திராவகத் தொட்டியில் துத்தநாக உப்பைச் சேர்த்து உறைதலை மெதுவாக்கினர். மெதுவாய் உறையும் இழையை மிகுதியாய் இழுத்துச் சரங்களை ஒருமுகப்படுத்தினர். சரம் அதிகம் அறாதவாறு ஊறும் காலத்தைக் குறைத்தனர். மோட்டார் வண்டிச் சக்கரத்தைத் தாங்கும் கயிறும், 1950-களில் ஜப்பானியர் கண்ட பாலினோசிக் நூலும், இன்று மோடல் என வழங்கும் நூலும் இவ்வுழைப்பின் பயனாய் எழுந்தன. ‘செல்லுலோஸ் நூலுற்பத்தியிற் சீர்திருத்தம்’ என்றால் நெடுங்காலம் வரை இதுவே பொருளாயிருந்தது: நூல் வலுத்ததா, மினுமினுத்ததா, விலை தாழ்ந்ததா என்பனவே கேள்விகள்.

என் பெரிய தகப்பனார் கேட்கச் சொன்ன கேள்வி இவற்றுள் ஒன்றன்று. அது கார்பன் டைசல்பைடைப் பற்றியது. மேலே கூறிய முறையில் அந்நீர்மம் நூலிற் சேர்ந்து நிற்பதில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். அது செல்லுலோஸைக் கரைப்பதற்கு மட்டும் துணைநின்று, திராவகம் பட்டவுடன் வெளியேறிவிடுகின்றது. அதிற் பெரும்பகுதி தன் பழைய உருவிலேயே ஆவியாகும். எஞ்சியது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுக் காற்றாக மாறும். விருந்துக்கு வந்தவன் விடைபெற்றுச் சென்றான் என்பது உண்மை. சென்றது எங்கே என்று கேட்டவர் சிலரே. சென்ற இடங்கள் இரண்டு: தொழிலாளியின் மூச்சு, ஆலைக்கு வெளியேயுள்ள காற்று.

கார்பன் டைசல்பைடு 46 பாகையிற் கொதிப்பது, எளிதில் தீப்பற்றுவது, நரம்பையும் மனத்தையும் தாக்குவது. ரேயான் பிறப்பதற்கு முன்னரே, ரப்பர்த் தொழிலில் இதனைக் கையாண்டவர்கள் சித்தம் கலங்கியதையும் கைகால் தளர்ந்ததையும் 1856-ஆம் ஆண்டிலேயே தெல்பேஷ் என்னும் பாரிஸ் மருத்துவர் எடுத்துரைத்தார். ரேயான் ஆலைத் தொழிலாளரிடையே இதயநோய்ச் சாவு மிகுதி என்பதை 1968-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்று நிறுவியது. தென்கொரியாவில் வொன்ஜின் ரேயான் ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் இந்நஞ்சால் நோயுற்றனர். நெடிய போராட்டத்தின் பின் 1993-இல் அவ்வாலை மூடப்பட்டது. அறியாமையால் நேர்ந்தது என்று சொல்லிவிடவும் இயலாது. அறிவு முன்னரே இருந்தது. அதனைக் கேட்பார்தாம் இல்லை.

நூல் பிழியும் கூடத்தில் நிற்பவர்க்கு ஹைட்ரஜன் சல்பைடினால் ஒருவகைக் கண்நோய் உண்டாகும். “இரவு வேலை முடிந்து வெளியே வந்தால் தெரு விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாய் வானவில் தெரியும், தம்பி. அழகாய்த்தான் இருக்கும். விடியும்போது கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் எரியும்” என்று என் பெரிய தகப்பனார் கூறுவார். மூன்றாண்டுகளில் அவர் அவ்வேலையை விட்டு ஊர் திரும்பினார். இன்று கரும்பு பயிரிடுகின்றார். அந்நாளில் முதற் சம்பளத்தில் தம் தாயார்க்கு வாங்கிவந்த ரேயான் சேலை எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் உள்ளது. அதன் நிறம் மங்கவில்லை.

இனி, ஆலைக்குள்ளிருந்து ஆற்றுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகை, கைத்தறிப் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குப் பவானியாற்றின் கரையில் 1950-களின் பிற்பகுதியில் தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை நிறுவப்பட்டது. நீலகிரியிலிருந்து கற்பூர மரங்களும் சீகை மரங்களும் அங்கு வந்து கூழாகி, நூலாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவ்வாலை சோறிட்டது. அதனை மறத்தல் நன்றிகோறலாகும். ஆயின் ஆலையின் கழிவுநீர் பவானியிற் கலந்தது. கீழே பவானிசாகர் நீர்த்தேக்கம். அதன் கீழே ஈரோட்டு வயல்கள். 1990-களில் நீரின் நிறமும் நாற்றமும் மாறக் கண்ட உழவரும் மீனவரும் கிளர்ந்தெழுந்தனர்; வழக்குகள் நடந்தன; முடிவில் ஆலையும் ஓய்ந்தது. ஆறும் கெட்டது, வேலையும் போயிற்று. கோழிக்கோட்டை அடுத்த மாவூரில், மூங்கிலினின்று நூற்கூழ் செய்த ஆலையின் கதையும் இதனை ஒத்ததே. சாலியாற்றின் மாசை எதிர்த்து நெடுங்காலம் போராடிய கே. ஏ. ரகுமான் 1999-இற் புற்றுநோயால் மறைந்தார். 2001-இல் அவ்வாலை மூடப்பட்டது. இவ்விரண்டிடத்தும் நூலின் அழகில் ஒரு குற்றமுமில்லை. குற்றம் நூல் வந்த வழியில் இருந்தது.

அங்ஙனமாயின் இத்தொழிலே தீதோ எனின், அன்று. குற்றத்தைக் கண்டவர் அதனைக் களையும் வழியையும் கண்டிருக்கின்றனர். அவ்வழிகள் இருதிறத்தன.

முதலாவது, விஸ்கோஸ் முறையை வைத்துக்கொண்டே அதனைத் திருத்துதல். நூல் பிழியும் இடத்தை முற்றும் மூடி, அங்கெழும் ஆவியை உறிஞ்சி, குளிரவைத்தும் கரித்தூளிற் படியச்செய்தும் கார்பன் டைசல்பைடை மீட்டு மறுபடி பயன்படுத்துதல். ஹைட்ரஜன் சல்பைடைக் கந்தகத் திராவகமாக மாற்றி ஆலையின் தொட்டிக்கே அளித்தல். தொட்டியில் விளையும் சோடியம் சல்பேட்டைப் படிகமாக்கி விற்றல் ஆகிய இவை இன்று செவ்விய ஆலைகளில் நடைபெறுகின்றன. இவற்றுக்குச் செலவு உண்டு. ஆயினும், புகைபோக்கியின் வழியே பறந்துபோவதும் ஆலை காசு கொடுத்து வாங்கிய மருந்தே என்பதை நோக்கின், மீட்டல் வீண் செலவன்று என்பது விளங்கும்.

இரண்டாவது, கரைப்பானையே மாற்றுதல். அமீன் ஆக்சைடு என்னும் இனத்துப் பொருள்கள் செல்லுலோஸை நேரே கரைக்கும் என்பது 1939-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. முப்பதாண்டுக்கு மேல் அது பயன்படாது கிடந்தது. பின்னர் அமெரிக்கரும் ஆங்கிலரும் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். கோர்ட்டால்ட்ஸ் நிறுவனத்தார் 1992-இல் அமெரிக்காவின் மொபீல் நகரிலும், லென்ஸிங் நிறுவனத்தார் 1997-இல் ஆஸ்திரியாவின் ஹைலிகன்கிரோய்ட்ஸ் என்னும் ஊரிலும் இம்முறையில் நூலாலை அமைத்தனர். இந்நூலுக்கு லயோசெல் என்று பெயர்.

லயோசெல் முறையின் எளிமை வியக்கத்தக்கது. கரைப்பானுக்கு என்-மெத்தில்மார்ஃபோலின் ஆக்சைடு என்று பெயர். இதனோடு நீரும் மரக்கூழும் கலந்து, சூடேற்றி, நீரைச் சிறுகச் சிறுக ஆவியாக்கினால், ஒரு நிலையில் கூழ் கரைந்து பொன்னிறப் பாகாகும். சோடாவில் ஊறவேண்டியதில்லை, கந்தகச் சேர்மம் வேண்டியதில்லை, வேறொரு பொருளாக மாறி மீண்டும் பழைய உருவெடுக்க வேண்டியதுமில்லை. பாகைத் துளைத்தட்டின் வழியே பிழிந்து, சிறிது தொலைவு காற்றில் இறங்கச் செய்து, நீர்த் தொட்டியில் விழவிடுவர். நீர் கரைப்பானைத் தன்பால் இழுத்துக்கொள்ள, செல்லுலோஸ் நூலாய் நிற்கும். தொட்டி நீரைத் தூய்மைசெய்து ஆவியாக்கினால் கரைப்பான் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். அதுவே அடுத்த ஈட்டுக் கூழைக் கரைக்கும். வந்த விருந்தினன் வெளியே போகாமல் வீட்டிலேயே தங்கி உழைக்கின்றான் என்னலாம். நூலும் விஸ்கோஸினும் வலியது. நனைந்தாலும் வலிமை பெரிதும் குன்றாதது.

இதற்கும் குற்றமுண்டு, அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. நனைந்து உரசும்போது இந்நூலின் மேற்புறம் நுண்ணிய சிம்புகளாய்ப் பிரியும். அதனைத் தடுக்கத் தனிப் பக்குவம் வேண்டும். கரைப்பான் மிகை சூடேறினாலும், இரும்பு போன்ற உலோகத் துகள் கலந்தாலும் வெடிப்புண்டாதல் கூடும். ஆதலின் காப்புப் பொருள் சேர்த்து இடையறாது காத்தல் வேண்டும். கரைப்பானின் விலையும் மிகுதி. ஆனால் இங்கொரு நுட்பம் உண்டு. விலை மிகுந்ததாதலின் ஆலையார் அதனை ஆற்றில் விடமாட்டார். ஒரு துளியையும் மீட்கவே முயல்வர். விஸ்கோஸ் ஆலையில் மீட்பது அறத்தின் பாற்பட்டதாயிருந்தது. லயோசெல் ஆலையில் மீட்காவிடில் வாணிகமே நடவாது. அறமும் ஆதாயமும் ஒரு வழிப்படுமாறு அமைத்ததே இச்சீர்திருத்தத்தின் தலைசிறந்த அழகு என்பது என் கருத்து.

இனி, திண்ணையில் எழுந்த கேள்விக்கு வருவோம். கள்ளக்குறிச்சிச் சக்கையினின்று இத்தகைய நூலை எடுத்தல் கூடுமா? சக்கையினின்று காகிதம் செய்தல் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. கரூரை அடுத்த புகளூரில் 1979-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதற் சக்கையை மூலமாகக் கொண்டு உற்பத்தி நடத்திவருகின்றது. காகிதத்துக்கு நாரின் நீளம் வேண்டும். நூலுக்கோ அது வேண்டுவதில்லை. எப்படியும் கரைக்கப் போகின்றோமாதலின் நீண்ட நாரும் குறுநாரும் ஒன்றே. நூல் வேண்டுவது தூய்மை. நூற்கூழில் 90 பங்குக்கு மேல் செம்மையான செல்லுலோஸ் இருத்தல் வேண்டும். சக்கையில் ஹெமிசெல்லுலோஸ் மிகுதி. நடுவிலுள்ள மென்சோறும் மணற்சத்தும் உண்டு. மென்சோற்றைச் சலித்து நீக்கி, கூழாக்குமுன் சுடுநீராவியில் வேகவைத்து ஹெமிசெல்லுலோஸைக் கரைத்தெடுத்து, அதன் பின்னரே லிக்னினை நீக்குதல் வேண்டும். இது செயற்கரியதன்று, எனினும் மரத்தினும் உழைப்பு மிக்கது.

பிறிதொரு தடையும் உளது. சக்கை குப்பையன்று, ஆலைக் கொதிகலனுக்கு அதுவே விறகு. அதனை நூலுக்கு எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆலைக்கு வேறு எரிபொருள் தேடித் தருதல் வேண்டும். புகளூர் நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் தந்தே சக்கையைப் பெற்றது. கச்சிராயபாளையத்துக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் அத்தகைய ஏற்பாடின்றி ஒன்றும் நடவாது. மூலப்பொருளுக்கு மலையை நோக்கிக் கைநீட்டலாகாதோ என வினவுவாரும் உளர். 1976 வரை ஜாகீர்தாரர் ஆளுகையில் உழன்ற கல்வராயன் மலைவாழ் மக்களுக்குக் காடே துணை. அவர்தம் மூங்கிலையும் மரத்தையும் கூழாக்கி நூல் செய்தல், ஒருவனது கூரையைப் பிரித்து மற்றொருவனுக்குச் சட்டை தைத்தலாகும்.

எல்லாவற்றினும் மேலானது நீரைப் பற்றிய செய்தி. பவானி ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு. அதுவே ஆலைக் கழிவைத் தாங்கமாட்டாது தளர்ந்தது. எங்கள் கோமுகியோ மழை பெய்தால் ஓடுவது, பெய்யாவிடில் மணல். கல்வராயன் மலையிற் பிறந்து, கச்சிராயபாளையத்தில் அணையில் தங்கி, கள்ளக்குறிச்சியைத் தொட்டுச் சென்று, முடிவில் வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டைக் கடலை அடைவது. கோடையில் அதில் விடப்படும் ஒரு குடம் கழிவைக் கலந்து நீர்க்கச் செய்ய ஒரு குடம் நல்ல நீரும் இராது. நொய்யலாற்றங்கரைத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-இற் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் செய்ததும், அதனால் ஒரு நகரமே கலங்கியதும் நாமறிந்தனவே. ‘ஆலை முதலில் வரட்டும், கழிவைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம்’ என்பது அங்கே எவ்வளவு விலை கொண்டதென்பதை அவ்வூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் இளைஞரே சொல்வர்.

ஆகவே, நூலாலை வேண்டும் என்போர் மூன்று கேள்விகளை முன்வைத்து விடை பெறுதல் வேண்டும். முதலாவது: இவ்வாலை எதனை எடுக்கும்? சக்கையா, வயலில் வளர்த்த மரமா, மலைக்காடா? இரண்டாவது: இவ்வாலை எதனை வெளியே விடும்? இட்ட மருந்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பக் கிடைக்கும்? எஞ்சியது எவ்வழிச் செல்லும்? மூன்றாவது: உள்ளே நிற்பவன் எக்காற்றை மூச்சுவிடுவான்? அதனை நாடோறும் அளப்பவர் யார்? அளந்ததை எல்லாரும் பார்க்க எழுதி ஒட்டுவரோ? இம்மூன்றுக்கும் செவ்விய விடை கிடைப்பின், கல்வராயன் அடிவாரத்தில் நூலாலை எழுவதை எம்மவர் மாலையிட்டு வரவேற்கலாம். கிடையாதாயின், சக்கை கொதிகலனில் எரிந்துகொண்டிருத்தலே நலம்.

இலக்கணத்தார் நூலுக்குக் குற்றமும் அழகும் வகுத்தபொழுது, குற்றத்தையே முன்னும் அழகைப் பின்னும் வைத்தனர். குற்றம் நீங்கிய இடத்தேதான் அழகு நிலைபெறும் என்பது அவர் கருத்துப்போலும். ஆலை நூலுக்கும் அம்முறையே பொருந்தும். வலிமையும் மினுமினுப்பும் விலைக்குறைவும் ஆகிய அழகுகளை ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்தோம். இனிக் குற்றத்தை முதலில் ஆராய்வோமாக. என் பெரிய தகப்பனார் வாங்கிவந்த சேலையைச் சென்ற விடுமுறையில் எடுத்துப் பார்த்தேன். கையில் நீர்போல் வழுவிற்று. அத்துணை மென்மையான ஒன்றைச் செய்தவர் கண்ணில் மணல் விழாத காலம் வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். அக்காலத்தைக் கொண்டுவரத்தக்க அறிவு இன்று நம்மிடம் உண்டு. இரசாயனம் பயிலும் என் நண்பர்கள் அதனைத் தொழிலாக்குவாராக; தமிழ் பயிலும் யாங்கள் அதனை ஊரார்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்போமாக.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கன்